முதலிடம் அழகுக்கே: யாழ்ப்பாணத்துப் பட்டிமண்டபத்தில் ஓர் உரை

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

வடிவமைப்பில் முதலிடம் பெறவேண்டியது அழகா, பயனா என்பது இன்றைய வழக்கு. பயனே என்று வாதிட்டு அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் ஒரு பொறியியலாளர். லேபலும் பெட்டியும் அறிவிப்புப் பலகையும் வரைந்து பிழைக்கும் நான், அழகே என்று வாதிட வந்திருக்கிறேன். தொழிலைக் காப்பாற்றப் பேசுகிற பேச்சு இது என்று அவர் சொல்லக்கூடும். சொல்லட்டும், சற்று முன்னர் அவர் காப்பாற்றியதும் தம் தொழிலைத்தான்.

அவர் தமது கட்சிக்கு இரண்டு பெரிய சாட்சிகளை அழைத்தார். முதலாமவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி சலிவன். வடிவம் எப்போதும் பயனைப் பின்தொடர்கிறது என்று 1896 இல் சலிவன் எழுதினார் என்பது உண்மை. ஆனால் அந்த வரியைப் படித்துக் காட்டிய நண்பர், அதை எழுதியவர் எழுப்பிய கட்டடங்களைக் காட்டாமல் விட்டுவிட்டார். பஃபலோ நகரில் அவர் கட்டிய கரன்டி கட்டடத்தின் சுடுமண் முகப்பில் இலையும் கொடியும் கோலமுமாக வேலைப்பாடு நிறைந்திருக்கிறது. சிகாகோவில் அவர் அமைத்த பெரிய கடையின் மூலை வாசலை வார்ப்பிரும்புப் பூவேலை மூடிநிற்கிறது. அந்தக் கொடிகளில் ஒன்றுகூடக் கூரையைத் தாங்கவில்லை. இரண்டாவது சாட்சி ஜேர்மனியின் பிரவுன் நிறுவனத்துக்காக வானொலிகளும் அலமாரிகளில் வைக்கும் கருவிகளும் வடிவமைத்துப் புகழ்பெற்ற டீட்டர் ராம்ஸ். நல்ல வடிவமைப்புக்கு அவர் வகுத்த பத்து இலக்கணங்களில் மூன்றாவது, நல்ல வடிவமைப்பு அழகுடையது என்பதே. இரண்டாவது இலக்கணம் பயன் அல்லவா என்று எதிரணியினர் குரல் எழுப்புவதற்கு முன்னர் நானே அதைச் சொல்லிவிடுகிறேன். ஆயினும் அந்த மூன்றாவதற்கு அவர் தந்த விளக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: நாள்தோறும் நாம் கையாளும் பொருள்கள் நம் மனநலத்தைத் தொடுகின்றன, ஆதலால் ஒரு பொருளின் அழகு அதன் பயனிலிருந்து பிரிக்க முடியாத பகுதி என்கிறார் ராம்ஸ். அழகை வெளியே நிறுத்திவிட்டுப் பயனை மட்டும் உள்ளே அழைக்கும் இன்றைய எதிரணிக்கு அவர் எப்படிச் சாட்சி சொல்வார் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி, அழகு ஒரு பொருளுக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். 1995 இல் யப்பானின் ஹிட்டாச்சி வடிவமைப்பு நிலையத்தைச் சேர்ந்த குரொசு, கஷிமுரா என்னும் இரு ஆய்வாளர்கள், வங்கிப் பண இயந்திரத்தின் திரையில் பொத்தான்களையும் எண்களையும் 26 விதமாக அடுக்கி, 252 பேருக்குக் காட்டினார்கள். எது அழகாயிருக்கிறது, எது கையாள எளிதாகத் தோன்றுகிறது என்ற இரண்டு வினாக்களுக்கும் விடை வாங்கினார்கள். அழகானது என்று மக்கள் கருதிய அடுக்குகளே பெரும்பாலும் எளிதானவை என்றும் மதிக்கப்பட்டன. இதை நம்பாத நோவம் டிரக்டின்ஸ்கி என்ற ஆய்வாளர், இஸ்ரவேலில் அழகுக்கு அத்தனை மதிப்பு இராது என்ற எண்ணத்தோடு அங்கே இதே சோதனையை நடத்தி 1997 இல் முடிவை வெளியிட்டார். அங்கே அந்தத் தொடர்பு யப்பானில் இருந்ததைவிட வலுவாக வெளிப்பட்டது. அளக்கப்பட்டது தோற்றத்தில் தெரிந்த எளிமைதானே, உண்மையான எளிமை அல்லவே என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் பண இயந்திரத்தின் முன்னே முதன்முறை நிற்கும் ஒரு முதியவர், தோற்றத்தைக் கண்டே கையை நீட்டவோ பின்வாங்கவோ செய்கிறார். பின்வாங்கிய கைக்கு உள்ளே இருக்கும் உண்மையான எளிமை ஒருபோதும் தெரியவராது.

அழகின் வலிமையை அறிய விரும்புபவர்கள், அதைப் பறிப்பதற்கு ஓர் அரசாங்கம் பட்ட பாட்டைப் பார்க்கலாம். சிகரெட்டை மக்கள் வெறுக்க வேண்டும் என்று எண்ணிய அவுஸ்திரேலியா, 2012 டிசம்பர் முதல் எல்லாச் சிகரெட் பெட்டிகளும் ஒரே மங்கிய நிறத்தில் வரவேண்டும் என்று சட்டம் செய்தது. புகைப்பவர்களிடையே ஆய்வு நடத்தி, ஆக அருவருப்பூட்டும் நிறம் எது என்று தேடி, பான்டோன் 448 சி என்ற அழுக்குப் பழுப்பைத் தெரிந்தெடுத்தார்கள். முதலில் அதனை ஒலிவ் பச்சை என்று அழைத்தபோது, எங்கள் பழத்தின் பெயரைக் கெடுக்காதீர்கள் என்று ஒலிவ் உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள். நிறத்தின் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. பெட்டியின் பயனில் எந்த மாற்றமும் இல்லை, முன்போலவே அது சிகரெட்டைக் காத்துத் திறந்து மூடியது. அழகு இரண்டாம் பட்சமானது என்றால், அதை அகற்றுவதற்கு ஒரு நாடாளுமன்றம் ஏன் சட்டம் இயற்ற வேண்டும்? இதற்கு மறுதலையாக, 2009 இல் அமெரிக்காவில் ட்ரொப்பிக்கானா என்ற தோடம்பழச் சாற்றின் பெட்டியிலிருந்து, மக்கள் பழகியிருந்த பழப் படத்தை நீக்கிப் புதுத் தோற்றம் கொடுத்தார்கள். உள்ளே இருந்த சாறு மாறவில்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறத்தாழ 20 வீதம் விழுந்து, பழைய பெட்டியே திரும்பி வந்தது.

பிலிப் ஸ்டார்க் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் வடிவமைத்த, மூன்று நீண்ட கால்களில் நிற்கும் தேசிக்காய் பிழியும் கருவியைக் காட்டி எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் சிரித்தார். வடி இல்லாதபடியால் விதையும் கிண்ணத்தில் விழும் என்றார். உண்மைதான், நானும் அதில் பிழியமாட்டேன். பயனே வேண்டாம் என்பது எங்கள் கட்சி அன்று. ஆகையால் அந்தக் கருவியைக் காப்பாற்றும் கடமை எங்களுக்கு இல்லை.

அவர் காட்டிய மற்ற உதாரணம் நம் அடுக்களையிலிருந்து வந்தது, அதற்கு விரிவாக மறுமொழி சொல்ல வேண்டும். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி ஆவி ஏறுவதற்கென்றே கூம்பாக முடையப்பட்டது, அதிலே அழகுக்கென்று ஓர் ஓலையும் இல்லை என்றார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கைகள், அதே பனங்குருத்தோலையில், சபைக்கு எடுத்துச் செல்லும் பெட்டியை இழைக்கும்போது என்ன செய்கின்றன? ஓலையை வார்ந்து, சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயத்தில் அவித்து, வெள்ளோலைக்கு இடையே கட்டங்கட்டமாகக் கோத்துக்கொண்டு போகின்றன. சாயம் போட்ட ஓலை சாயம் போடாத ஓலையைவிட ஒரு பிடி அரிசியையாவது கூடுதலாகத் தாங்குமா? அந்த அம்மா தன் உழைப்பில் ஒரு பங்கை, எதிரணியின் கணக்கில் வீணானதொரு வேலைக்குச் செலவிடுகிறார். அந்த வேலைக்காகவே அந்தப் பெட்டி விலைபோகிறது. மூக்குப்பேணியை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் படாமல் தண்ணீர் குடிப்பதற்கு ஏற்ற மூக்கு அதற்கு உண்டு, அது பயன். அந்தப் பயனை இன்று நம் வீடுகள் அநேகமாகக் கைவிட்டுவிட்டன, எவர்சில்வர் தம்ளரும் போத்தலும் வந்துவிட்டன. இருந்தும் பேணி பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. பயன் போனபின்னும் அதைப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கி, வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறோம். அக்காலத்தில் பயனுக்காக மட்டும் செய்த தகரப் பேணிகள் எங்கே என்று எதிரணியினர் தேடிப்பார்க்கட்டும்.

இனி என் தொழிலுக்குள் வருகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். இந்த நாட்டில் ஒரு பொருளின் லேபலில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று எழுத்துகள் ஒரே சிறு பரப்பில் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. ணகரமும் ஞகரமும் போன்ற அகன்ற எழுத்துகளும், கீ என்பதற்கு மேலே சுழியும், கூ என்பதற்குக் கீழே வாலும் உள்ள தமிழுக்கு அகலமும் வேண்டும், வரிக்கு வரி இடைவெளியும் வேண்டும். ஆங்கில வரிக்கு அளந்த இடத்தில் தமிழை அடைக்கச் சொன்னால், பலர் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கிவிடுகிறார்கள். அப்போது நிமிர்ந்த கோடுகள் மெலிந்து, கிடையான கோடுகள் தடித்தபடி நிற்க, கீழ்வரியின் சுழி மேல்வரியின் வாலில் இடிக்கிறது. வாசிக்க முடிகிறதா என்று கேட்டால், முடிகிறது என்றே எல்லோரும் சொல்வார்கள், ஆகவே பயன் என்ற அளவுகோலால் அந்த லேபல் தேறிவிடுகிறது. அது தேறாதது கண்ணிடம்தான். அவலட்சணமாயிருக்கிறது என்று முதலில் கண் சொல்கிறது; மருந்துக் குறிப்பை ஒருவர் பிழையாக வாசித்தது எல்லாம் பிறகு தெரியவரும் செய்தி. எழுத்துச் சீர்திருத்தம் பயனுக்காகத்தானே நடந்தது என்று வீரமாமுனிவரை நண்பர் குறிப்பிட்டார். குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் வேறுபடுத்த அவர் செய்த மாற்றம் பயனுக்கானதே. ஆனால் புதிதாக ஒரு குறியைக் கொண்டுவந்து ஒட்டாமல், இருந்த கொம்பையே மேலே சுழித்துவிட்டார். அச்சுழி தமிழின் மற்றச் சுழிகளோடு இயைந்து போனபடியால், அது பின்னாளில் வந்தது என்று சொன்னால்தான் தெரிகிறது.

அழகு ஏமாற்றும் என்ற குற்றச்சாட்டுக்கு அதிக நேரம் தேவையில்லை. ஏமாற்றுபவன் பயனைச் சொல்லியும் ஏமாற்றுவான்; சந்தையில் நாம் கேட்கும் பொய்களிற் பெரும்பாலானவை, இது நன்றாக உழைக்கும் என்பதாகவே இருக்கின்றன. 2016 முதல் இந்நாட்டில் இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் இடவேண்டும் என்று சட்டம் வந்தபோது, உண்மையும் கண்ணைப் பிடிக்கும் நிறத்தில்தான் எழுதப்பட்டது.

கடைசியாகச் செலவு. ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் செய்து விற்கும் நம் சிறு உற்பத்தியாளர்களால் அழகுக்குக் காசு கொடுக்க முடியாது என்று எதிரணித் தலைவர் உருக்கமாகச் சொன்னார். அச்சகத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். ஓப்செற் அச்சில் நிறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு. பொன்தாள் ஒட்டுவதற்கு அதற்கென வேறாக ஓர் அச்சு செய்ய வேண்டும். பழுப்புத் தாளில் கறுப்பு மையால் மட்டும், பெயரை நன்றாக எழுதிச் சுற்றிலும் இடம்விட்டு அடித்தால் ஒரே தகட்டோடு வேலை முடிகிறது, வெறுமையாக விட்ட இடத்துக்கு அச்சகத்தார் காசு கேட்பதுமில்லை. செலவைக் கூட்டுபவர் வேறொருவர். நாலு நிறமும் பொன்தாளும் போட்டு, பனைமரத்தையும் நல்லூர்க் கோபுரத்தையும் யாழையும் பையில் நெருக்கி, மிஞ்சிய மூலையில் தொலைபேசி இலக்கத்தையும் பெரிதாகப் போடச் சொல்லும் வாடிக்கையாளர் அவர். அழகில் ஆசைப்பட்டு அவர் அப்படிக் கேட்கவில்லை. காசு கொடுத்த தாளில் ஓர் அங்குலமும் பயனில்லாமல் கிடக்கக்கூடாது என்று கணக்குப் பார்த்தே கேட்கிறார். அவருக்கு உரிய இருக்கை எங்கள் பக்கத்தில் இல்லை, நடுவர் அவர்களே. எதிரணியின் வரிசையில் ஒரு கதிரை போட்டு, அவரை அங்கே அமர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.