தட்டில் தேங்கும் தண்ணீர்: சிறு படகின் வடிதுளைகளைக் கவனிப்பது எப்படி?

[காட்சி: திருகோணமலை, கொட்பே மீன்பிடித் துறைமுகம். கட்டியிருக்கும் படகொன்றின் தட்டு, அதாவது மேல்தளம். பக்கச் சுவரின் அடியில் ஒரு ஓட்டை. அதில் பாதியை வலைநூல் அடைத்திருக்கிறது.]

பக்கச் சுவர் தட்டைத் தொடும் இடத்தில் இருக்கும் இந்த ஓட்டையைப் பாருங்கள். ஏறி விழும் அலை, மீன் கழுவிய தண்ணீர், மழை எல்லாம் இதன் வழியாகத்தான் கடலுக்குத் திரும்ப வேண்டும். இதை வடிதுளை என்று வைத்துக்கொள்வோம். சில படகுகளில் தட்டின் மூலையிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கி, படகின் பக்கத்தைத் துளைத்து வெளியே போகும். அது வடிகுழாய். எஞ்சின் நின்றாலும் பற்றரி இறங்கினாலும் இரண்டும் வேலை செய்யும். பம்புக்கு அந்தப் பெருமை கிடையாது.

தட்டே இல்லாத திறந்த பைபர் படகு வைத்திருப்பவர்கள் பின்பக்கத் தக்கையையும் இறைக்கும் வாளியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போவது தட்டுப் போட்ட படகுகளுக்கு.

[வரைபடம்: மேலிருந்து தெரியும் தட்டு. நீலம் மெல்லப் பரவுகிறது.]

3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலமுள்ள பின்தட்டில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. கணுக்கால் அளவுதான். ஆனால் அது 600 லீற்றர். கடல்நீர் என்பதால் எடை ஏறத்தாழ 615 கிலோ. அதே எடைக்கு ஐஸ் ஏற்றினால் அது அறைக்குள் தாழ்வாகக் கிடக்கும், இடம் மாறாது. தட்டில் நிற்கும் தண்ணீரோ உயரத்தில் இருக்கிறது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தானும் ஓடிச் சேர்கிறது. படகு நிமிரப் பார்க்கும்போது அதைப் பிடித்து அழுத்துவது இந்தத் தண்ணீர்தான். அந்த நேரத்தில் அடுத்த அலையும் ஏறினால், அடியில் ஒரு கீறல்கூட இல்லாத படகும் கவிழும்.

அதனால் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பதைவிட, எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்பதே முக்கியம். 25 மில்லிமீற்றர் விட்டத்தில் நான்கு துளைகள் இருந்தால், இந்த 600 லீற்றர் இறங்கக் கால் மணி நேரம் அளவுக்குப் பிடிக்கும். அதே நான்கும் 50 மில்லிமீற்றராக இருந்தால் மூன்று, நான்கு நிமிடம். விட்டம் இரண்டு மடங்கானால் வழி நான்கு மடங்காகிறது. இதைத் திருப்பியும் படிக்க வேண்டும்: 50 மில்லிமீற்றர் துளையின் வெளிவாயில் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிர் ஒட்டி வளர்ந்து, நடுவில் 25 மட்டும் மிஞ்சினால், உங்களிடம் இருப்பது கால்பங்குத் துளைதான்.

[காட்சி: துளைக்குள்ளிருந்து இழுத்து எடுக்கும் குப்பை, அருகிலிருந்து.]

உள்ளே என்னதான் இருக்கிறது? தங்கூசி நூல், பொலித்தீன் துண்டு, இரையின் மிச்சம், இவற்றுக்கு மேல் செதிள். சூடையும் சாளையும் அள்ளிய நாளில் செதிளுக்குக் கணக்கில்லை. ஈரமாக இருக்கும்போது இரண்டு வாளிக் கடல்நீரில் ஓடிவிடும். வெயிலில் காய்ந்துவிட்டால் சுரண்டத்தான் வேண்டும். ஆகவே மீனை இறக்கிய கையோடு அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்பக்கத்திலிருந்து, பின்பக்கமாகத் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிடுங்கள்.

அடைப்பை எடுக்க இரும்புக் கம்பி வேண்டாம். அது துளையின் விளிம்பில் பைபரின் மேற்பூச்சைப் பெயர்த்துவிடும். உள்ளே பலகை வைத்துக் கட்டிய தட்டாக இருந்தால், அந்தக் கீறல் வழியாக ஈரம் இறங்கிப் பலகை உக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஈர்க்குக் கட்டு அல்லது போத்தல் கழுவும் தூரிகை போதும். வடிகுழாயில் குப்பையைக் கீழே குத்தித் தள்ளாதீர்கள், வளைவில் போய் இறுகிவிடும். வெளிவாயிலிருந்து தண்ணீரை அடித்து மேலே வரவழையுங்கள்.

துளைக்குச் சன்னமான வலை பூட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்காத ஒன்று. குப்பையைத் தடுக்கப் பூட்டிய வலையே முதலில் செதிளால் மூடிக்கொள்கிறது. குறுக்கே தடித்த கம்பி இரண்டு இருந்தாலே போதும்.

அதைவிடக் கெட்ட பழக்கம், தேங்காய்ப் பொச்சோ துணியோ வைத்துத் துளையை அடைப்பது. சுமை ஏறிய படகில் துளை வழியாகக் கடல் உள்ளே எட்டிப் பார்க்கிறது, கால் நனைகிறது, சின்ன மீன் வழுக்கி வெளியே போகிறது. உடனே ஒரு பொச்சு. அவசரத்தில் அதைப் பிடுங்க யாருக்கும் நினைவு வராது. வலைக் குவியலுக்கு அடியில் இருந்தால் பிடுங்கவும் முடியாது. துளை நீர்மட்டத்துக்கு இறங்குகிறது என்றால் சுமை கூடிவிட்டது என்று படகே சொல்கிறது. தெறிக்கும் அலைதான் தொல்லை என்றால், வெளிப்பக்கம் மேல்விளிம்பில் மட்டும் பிடித்த இறப்பர் மடல் ஒன்றைப் பூட்டுங்கள். தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும், அலை அடிக்கும்போது மூடும். வெயிலில் இறப்பர் விறைத்துப்போகும். விரலால் தூக்கிப் பார்த்து, வளையாவிட்டால் மாற்றுங்கள்.

[காட்சி: எஞ்சின் அறை. டோர்ச் வெளிச்சத்தில் குழாய் இணைப்பு.]

வடிகுழாய் உள்ளவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தட்டிலிருந்து போகும் தண்ணீர் கடலுக்குத்தான் போகிறதா, படகின் வயிற்றுக்குள் போகிறதா? ஒரு வாளியில் மஞ்சள் தூளைக் கரைத்துத் தட்டு மூலையில் ஊற்றுங்கள். எஞ்சின் அறையைத் துடைத்து உலர்த்திவிட்டு டோர்ச்சோடு ஒருவர் அங்கே இருக்கட்டும். மஞ்சள் எங்கே கசிகிறதோ அங்கேதான் கோளாறு. தட்டில் படியும் கறை வெயிலில் வெளுத்துவிடும். பெரும்பாலும் கிளிப் துருப்பிடித்திருக்கும், அல்லது குழாய் வளைவில் வெடித்திருக்கும். ஒவ்வொரு முனைக்கும் துருப்பிடிக்காத உருக்குக் கிளிப் இரண்டு போடுங்கள். வெளிவாய்ப் பொருத்து பித்தளையாக இருந்தால் கவனம்: கடல்நீரில் அதிலுள்ள நாகம் என்ற உலோகம் கரைந்து, உருவம் மாறாமலே பலம் போய்விடும். வெண்கலம் தாங்கும்.

[காட்சி: மழை. கட்டிய படகுகள் வரிசையாக.]

கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நம் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். அப்போதே இவற்றைச் செய்துவிடுங்கள். வாடை தொடங்கிவிட்டால், ஆளில்லாமல் கட்டிக் கிடக்கும் படகுக்கும் ஆபத்துத்தான். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், துளை அடைபட்ட தட்டில் நிற்பது அதே 10 சென்ரிமீற்றர் தண்ணீர். கட்டும்போது படகு நிற்கும் சாய்வையும் பாருங்கள். துளைகள் பின்மூலையில் இருக்க, நங்கூரமும் சங்கிலியும் வலையும் அணியத்தில் குவிந்திருந்தால், மழைத்தண்ணீர் முன்னால்தான் தேங்கும். சுமையைக் கொஞ்சம் பின்னே நகர்த்துங்கள். அதற்குப் பிறகு வெளிவாய்கள் நீர்மட்டத்துக்கு மேலேதான் நிற்கின்றனவா என்று கரையிலிருந்து ஒருதரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.