மாயாவியின் கை முதலில் திருடியது

நேயர்களுக்கு வணக்கம்.

சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. கேட்டுக்கொண்டிருக்கும் பலருக்கு அந்தக் கை இப்போதே கண்முன் வந்திருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துபோகும், எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். நான் அதை முதலில் பார்த்தது எங்கள் ஊர் சலூன் பெஞ்சில். அட்டை கிழிந்த புத்தகம். என் முறை வந்தும் எழுந்திருக்க மனமில்லை. பின்னால் இருந்தவரை முன்னே அனுப்பிவிட்டு, மிச்சப் பக்கங்களைப் படித்து முடித்தேன்.

மாயாவி நல்லவர். என் மனதில் அப்படித்தான் பதிந்திருந்தது. வளர்ந்த பிறகு அந்தக் கதையின் ஆங்கில மூலத்தைத் தேடிப் படித்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய கதை அது. லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வக உதவியாளன். விபத்தில் வலக்கை போய், எஃகுக் கை பொருத்தப்பட்டவன். இரண்டாவது விபத்தில் மறையும் சக்தி வருகிறது. அது வந்த கையோடு அவன் யாரையும் காப்பாற்றப் போகவில்லை. திருடப் போகிறான். மிரட்டுகிறான். கடைசியில் நியூயார்க் நகரத்தையே குண்டு வைத்துத் தகர்ப்பேன் என்கிற அளவுக்குப் போய்விடுகிறான். நமக்குப் பழக்கமான மாயாவி, நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி, அதற்கெல்லாம் பிறகு வந்தவன். நான் சலூனில் கொண்டாடிய அதே கைதான் முதலில் திருடவும் நீண்டிருக்கிறது.

இன்னொரு தமிழ்க் காமிக்ஸான லயன் காமிக்ஸின் வாசகர்களுக்கு ஸ்பைடரைச் சொல்லவே வேண்டாம். ஸ்பைடர்மேன் வேறு, இவன் வேறு. 1965-இல் பிரிட்டனில் பிறந்தவன். குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்று ஆள் சேர்த்தவன், அப்புறம் குற்றவாளிகளோடே மோதத் தொடங்கினான். தொடங்கிவைத்தவர் டெட் கோவன். ஆனால் சீக்கிரமே பேனா கைமாறியது. வாங்கிக்கொண்டவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்!

இந்த சீகலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1938-இல் வந்த சூப்பர்மேனை எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1933-இல், அவர் வேறொரு சூப்பர்மேன் கதையை எழுதினார். ஜோ ஷஸ்டர் படம் வரைந்தார். இருவருக்கும் அப்போது 18 வயது. அமெரிக்காவில் வேலை இல்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் அது. இலவச ரொட்டிக்காக வரிசையில் நிற்கும் ஏழை ஒருவனை ஒரு விஞ்ஞானி அழைத்துப் போகிறார். சாப்பாடு தருகிறேன், புதுத் துணி தருகிறேன் என்கிறார். அவருக்கு வேண்டியது சோதனைக்கு ஓர் உடம்பு. மருந்து உள்ளே போனதும் அடுத்தவர் மனதைப் படிக்கும் சக்தி அவனுக்கு வந்துவிடுகிறது. அவன் கொடியவனாகிறான், உலகையே ஆளத் துடிக்கிறான். ஆக, அந்தப் பெயரை முதலில் தாங்கியவன் ஒரு வில்லன். மருந்தின் வேகம் தீர்ந்ததும் மறுபடி அதே ரொட்டி வரிசைக்கே வந்து நிற்கிறான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகும். பசித்தவனுக்கு முதலில் கை கொடுத்தவர் வேறு யாராவதாக இருந்திருந்தால்?

இப்படிக் கேட்கவைக்கும் கதைகளுக்கு ஒரு காலத்தில் வழி அடைபட்டது. அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் 1954-இல் தங்களுக்கென ஒரு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டார்கள். எல்லாக் கதையிலும் நன்மையே வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்பது அதில் ஒன்று. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயம்தான் காரணம். பெற்றவர்களின் அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகளைக் குறைத்து எடைபோட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இன்றைய பதின்பருவத்தினருக்கு வரும் நாவல்களில் இந்தக் கேள்வி நேராகவே எழுகிறது. மரிஸ்ஸா மெயர் 2017-இல் தொடங்கிய ரெனகேட்ஸ் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று நாவல்கள். நோவாவுக்கு ஆறு வயது. கூலிக்கொலைகாரன் ஒருவன் வீடு புகுந்து அவளுடைய அம்மா, அப்பா, கைக்குழந்தைத் தங்கை மூவரையும் சுட்டுக் கொல்கிறான். ஊரைக் காக்கும் சூப்பர்ஹீரோ படையான ரெனகேட்ஸ் வருவார்கள் என்று அந்தக் குழந்தை நம்பிக் காத்திருக்கிறாள். அவர்கள் வரவில்லை. வந்தவர் அப்பாவுடன் பிறந்தவர். ஊரே நடுங்கும் வில்லன் அவர். அவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார். அவருடைய கூட்டத்தில்தான் அவள் வளர்கிறாள். பிறகு எப்படி அவள் அவரை வில்லன் என்பாள்?

பெரியவளானதும் வேறு பெயரில் ரெனகேட்ஸ் படைக்குள்ளேயே உளவாளியாக நுழைகிறாள். அங்கே ஏட்ரியன் இருக்கிறான். அவன் வரைந்தது உயிர் பெற்று எழும். அந்தப் படையின் தலைவர்கள் எடுத்து வளர்த்த பையன், அம்மாவைக் கொன்றது யார் என்று தேடிக்கொண்டிருப்பவன். அவனும் படையின் விதியை மீறி, முகத்தை மூடிக்கொண்டு ரகசியமாகத் திரிகிறான். இருவருக்கும் இரண்டு முகம், இருவர் பக்கமும் நியாயம். எனக்குப் பிடித்தது, நோவாவின் சோகத்தைக் காட்டி ஆசிரியர் அவளை விடுவித்துவிடவில்லை என்பது. தன்னை நம்பும் தோழர்களிடம் அவள் சொல்லும் ஒவ்வொரு பொய்யும் அவளையே அறுக்கிறது. பாவம் என்று சொல்லி வில்லனைச் சும்மா விட்டுவிடும் கதைகள் எனக்கு ஒப்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெரு நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வேன். போன மாதம் நோவாவின் கதையைத் தமிழில் சொன்னேன். அந்த ஆறு வயதுக் காட்சி முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அன்னிக்கு ராத்திரி அவங்க வந்திருந்தா?"

பக்கத்தில் இருந்த பையன் உடனே சொன்னான்: "வந்திருந்தா கதையே இல்லையே."

"கதை இல்லாட்டி போகுது," என்றாள் அவள். "அந்தப் பாப்பா இருந்திருக்கும் இல்ல?"