முப்பது கஜம்

அவையோருக்கு வணக்கம்.

1916 செப்டம்பர் 15, பிரான்சின் சோம் போர்முனை. அகழிகளில் காத்திருந்த ஜெர்மானியச் சிப்பாய்களை நோக்கி இரும்புப் பெட்டிகள் ஊர்ந்து வந்தன. டாங்கி என்ற வாகனம் போர்க்களத்தில் இறங்கிய முதல் நாள் அது. கையில் வெறும் துப்பாக்கி வைத்திருப்பவன் அதன் எதிரே என்ன செய்வான்? இன்று என் பேச்சு முழுவதும் இந்த ஒரு மனிதனைச் சுற்றித்தான்.

முதலில் எவருக்கும் தோன்றக்கூடிய விடைதான் வந்தது: துப்பாக்கியைப் பெரிதாக்கு. 1918இல் மௌசர் நிறுவனம் 13.2 மில்லிமீட்டர் ரவை சுடும் துப்பாக்கியைச் செய்தது. எடை சுமார் 18 கிலோ. அதற்கு அன்று வேலை இருந்தது. முதல் பிரிட்டிஷ் டாங்கிகளின் கவசம் 12 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. இரண்டாம் உலகப்போரின் டைகர் டாங்கிக்கு முன்புறக் கவசமே 100 மில்லிமீட்டர்! அதற்கு ஈடாகத் துப்பாக்கியும் பருத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதற்குச் சக்கரம் மாட்ட வேண்டும். சக்கரம் மாட்டினால் அது பீரங்கி. நம் காலாட்படை வீரன் மறுபடி வெறுங்கையோடு நிற்பான்.

வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1888இல் அமெரிக்க வேதியியலாளர் சார்லஸ் மன்றோ, வெடிமருந்துக் கட்டியை எஃகுத் தகட்டின்மேல் வைத்து வெடித்தார். கட்டியில் எழுத்துகள் குழிவாகப் பொறிக்கப்பட்டிருந்தன. வெடித்தபின் பார்த்தால், அதே எழுத்துகள் எஃகிலும் குழிந்திருந்தன! மருந்து எங்கே குறைவோ அங்கே ஆழம் அதிகம். பின்னர் வந்தவர்கள் அந்தக் குழிவைக் கூம்பாக்கி, உள்ளே மெல்லிய உலோகத் தகட்டைப் பதித்தார்கள். வெடிக்கும்போது தகடு நசுங்கி, நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் ஊசிபோல் பாய்கிறது. அது கவசத்தை உருக்குகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். இல்லை, அழுத்தத்தாலேயே துளைக்கிறது.

இதில் காலாட்படைக்குக் கிடைத்த வரம் என்ன? துளைக்கும் வேகத்தைக் குண்டு தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே அதை மெதுவாக எறிந்தாலும் போதும். எப்படியாவது டாங்கிமேல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் சரி. அந்த 'எப்படியாவது'தான் பெரும்பாடு.

அமெரிக்கர்கள் ராக்கெட்டைப் பூட்டினார்கள். குப்பைக் குவியலில் கிடந்த ஒரு குழாய் ராக்கெட்டின் அளவுக்குச் சரியாக இருந்ததைக் கண்டதாக எட்வர்ட் உல் என்ற இளம் அதிகாரி பின்னாளில் சொன்னார். 1942இல் நடந்த சோதனையில், குறிபார்க்க, சட்டை மாட்டும் கம்பியை வளைத்து வைத்தார்களாம். தோளில் வைத்து ராக்கெட்டை ஏவும் பசூக்கா என்ற குழாய் பிறந்த கதை இது. ஜெர்மனியின் பான்சர்ஃபாஸ்ட் இன்னும் எளியது: ஒருமுறை சுட்டுவிட்டுக் குழாயை எறிந்துவிடலாம். ஆனால் முதல் வகைகளின் எட்டும் தூரம் 30 மீட்டர். போரின் கடைசி மாதங்களில் அதை முதியவர்களிடமும் பள்ளிப் பையன்களிடமும் கொடுத்துத் தெருமுனையில் நிறுத்தினார்கள். ஆயுதத்தின் எளிமையை மெச்சும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பிரிட்டிஷாரின் 'பியட்' என்ற டாங்கி எதிர்ப்புக் குண்டெறி கருவி முரட்டுச் சுருள்வில்லால் இயங்கியது. எடை சுமார் 14 கிலோ. வில்லை இழுத்துப் பூட்ட, தோள்பட்டையில் முட்டுக்கொடுக்கும் பகுதியைக் காலால் மிதித்துக்கொண்டு முதுகு நோக இழுக்க வேண்டும். படுத்தபடி அதைச் செய்வது பெரும் வதை. சிப்பாய்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் சுடும்போது பின்பக்கம் தீயும் புகையும் பாயாது. ஒளிந்திருப்பவனின் இடத்தைக் காட்டிக்கொடுக்காது.

அதைத் தூக்கிக்கொண்டுதான் 1944 ஜூன் 12 அன்று, மணிப்பூரின் நிங்தௌகோங் கிராமத்தில் கஞ்சு லாமா தவழ்ந்து போனார். சிக்கிமில் பிறந்தவர், 7ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் சிப்பாய். எதிரே ஜப்பானிய டாங்கிகள். வழியிலேயே இடது மணிக்கட்டு முறிந்தது. வலது கையிலும் காலிலும் காயம். முப்பது கஜம்வரை நெருங்கி ஒரு டாங்கியை வீழ்த்தினார், பிறகு இன்னொன்றை. தப்பியோட முயன்ற டாங்கி வீரர்களைக் கைக்குண்டுகளோடு எதிர்கொண்டார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

அந்தச் சண்டை முடிந்த பிறகே காயங்களுக்குக் கட்டுப்போடச் சம்மதித்தார்.