எண்ணிக்கை ஒன்று, உள்ளே போன புகை வேறு

"சிகரெட் பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டால், "எப்போதாவது ஒன்று" என்று சொல்லித் தப்பிவிடலாம். ரத்தம் அப்படி மழுப்பாது, நண்பர்களே.

டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று சைட்டோசின். அதன்மேல் மெத்தில் என்ற சின்ன வேதித்தொகுதி ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறி வைப்பதுபோலத்தான். எழுத்து மாறுவதில்லை, அந்த மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பது மட்டும் மாறும். புகை இந்தக் குறிகளைக் கலைத்துவிடுகிறது. அதில் பேர்போன இடம் ஏ.எச்.ஆர்.ஆர். மரபணு. புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களை உடைக்க செல்லுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. அதைக் கட்டுக்குள் வைப்பது இந்த மரபணு. புகைப்பவர் ரத்தத்தில் இங்கே மெத்தில் குறைந்துபோகிறது. ஐரோப்பியர், ஆப்பிரிக்க அமெரிக்கர், தெற்காசியர் என்று யாரைச் சோதித்தாலும் இதே இடம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

இடம் ஒன்றுதான். அளவு?

லண்டனில் சவுத்தால், பிரென்ட் பகுதி ஆண்கள் ஏறக்குறைய 190 பேரை, பாதிப்பேர் ஐரோப்பியர், மீதி தெற்காசியர், 2014இல் ஒப்பிட்டார்கள். மெத்தில் அளவுகளை வைத்து ஒரு மதிப்பெண். புகையின் தடம் கூடினால் அதுவும் கூடும். புகைப்பவரை அது நன்றாகவே பிரித்துக் காட்டியது. ஆனால் பிரிக்கும் கோட்டை இரு கூட்டத்துக்கும் வேறு வேறு இடத்தில் போட வேண்டியிருந்தது. தெற்காசியருக்கு அந்தக் கோடு குறைந்த மதிப்பெண்ணிலேயே விழுந்தது.

"பார்த்தீர்களா, நம் உடம்பு தாங்கும்!" என்று யாராவது கிளம்புவார்கள். அவசரப்படாதீர்கள். ஹவாயிலும் கலிபோர்னியாவிலும் 1,80,000 பேருக்கு மேல் தொடர்ந்த ஓர் ஆய்வு 2006இல் வந்தது. நாளுக்கு 30 சிகரெட் வரை புகைப்பவர்களில், ஆப்பிரிக்க அமெரிக்கருக்கும் ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து வெள்ளையரைவிட அதிகம், ஜப்பானிய அமெரிக்கருக்குக் குறைவு. ஒரு காரணம் கல்லீரலில் இருக்கிறது. நிக்கோட்டினை உடைக்கும் சி.ஒய்.பி.2ஏ6 நொதி ஜப்பானியர் பலரிடம் மந்தம். நிக்கோட்டின் ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதால் அடுத்த இழுப்புக்கான ஏக்கம் தள்ளிப்போகிறது. அவ்வளவு ஆழமாக இழுக்கவும் தோன்றுவதில்லை. பெட்டியில் குறைந்த சிகரெட்டை எண்ணினால் இதெல்லாம் தெரியுமா? ஆகவே "இன வேறுபாடு" என்று கட்டுரைகளில் படிக்கும்போது, அதில் எவ்வளவு உண்மையில் புகையின் அளவு வேறுபாடு என்று முதலில் கேட்பேன்.

2016இல் ஏறக்குறைய 16,000 பேரின் ரத்தத் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். பழக்கத்தை விட்டவர்களிடம் பெரும்பாலான குறிகள் 5 ஆண்டுகளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பின. சில 30 ஆண்டுகள் ஆகியும் திரும்பவில்லை. நல்ல செய்திதான். ஆனால் ரத்தம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய, ஆப்பிரிக்க வம்சாவளியினர், புகைத்தது சிகரெட். நம் ஊரில் பீடி. இந்தச் சோதனை நாளை நம் ஆய்வகங்களுக்கு வரும்போது, பீடி இழுப்பவர்களை வைத்துக் கோடு போட்டுவிட்டு வரட்டும்.