காற்றை அரைத்த கால்கள்

நடுவர் அவர்களே, இந்த மழையிலும் வெள்ளவத்தைக்கு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'சிறையில் கைதிக்குக் கொடுக்கும் வேலை தண்டிக்கவா, திருத்தவா?' என்பது தலைப்பு. தண்டிக்கவே என்று வாதிட வந்திருக்கிறேன்.

சும்மா கிடப்பவனைவிட உழைக்கிறவன் விரைவில் திருந்துவான் என்றார் எதிரணி நண்பர். அந்த நம்பிக்கைக்கு 400 ஆண்டுகளுக்கு மேல் வயது. 1596இல் ஆம்ஸ்டர்டாமில் திறந்த திருத்தவீட்டிலும் இதையே சொன்னார்கள். செய்ய வைத்தது என்ன தெரியுமா? பிரேசிலிலிருந்து வந்த, இரும்பைப் போல் இறுகிய சாயமரத்தை அராவித் தூளாக்குவது. தூள் சாயப் பட்டறைகளுக்கு விற்பனையானது. அந்தத் தொழிலுக்கான தனியுரிமையும் அந்தச் சிறைக்கே கிடைத்தது. வெளியே யாரும் செய்யக்கூடாத தொழிலைக் கற்றுக்கொண்டு ஒருவன் வெளியே வந்து எதைச் செய்து பிழைப்பான்?

அங்கேயாவது தூள் மிஞ்சியது. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் சிறைகளுக்கென்று ஒரு சக்கரம் அமைத்தார். படிகள் பொருத்திய பெரிய உருளை அது. கைதிகள் வரிசையாக நின்று மிதிப்பார்கள். படி கீழே போகும், அடுத்த படி வரும். மணிக்கணக்கில் ஏறியும் ஓர் அடி உயர்ந்திருக்க மாட்டார்கள். சில இடங்களில் அது தானியம் அரைத்தது. பல இடங்களில் எதையும் அரைக்கவில்லை. 'காற்றை அரைக்கிறார்கள்' என்று இங்கிலாந்திலேயே சொன்னார்கள். மணல் நிரப்பிய பெட்டிக்குள் தகடுகளைச் சுழற்றும் கைப்பிடி இன்னொன்று. அதைச் சுற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. சுற்று இலகுவாகிவிட்டால் காவலர் திருகாணியை இறுக்குவார். 1898இல் வந்த சட்டத்தோடுதான் இவை ஒழிந்தன. திருத்துவதுதான் நோக்கமென்றால் திருகாணி எதற்கு, நடுவர் அவர்களே?

அமெரிக்காவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்திலேயே, குற்றத்துக்கான தண்டனைக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். அந்த வாசல் வழியாகத்தான் தென் மாநிலங்கள் கைதிகளைச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. அலபாமாவில் 1928 வரை அது நடந்தது.

நம் இலங்கைக்கு வருவோம். 1883இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை சிறைத்தண்டனையை இரண்டாகப் பிரித்தது: சாதாரணச் சிறை, கடூழியச் சிறை. நாம் நாள்தோறும் பத்திரிகையில் படிக்கும் சொல் இது. 'அரச ஊழியர்' என்கிறோம். அங்கே ஊழியம் மதிப்புக்குரியது. 'கடு' என்பது முன்னால் சேர்ந்தால் அதே ஊழியம் சாட்டையாகிவிடுகிறது. உழைப்பைப் பாடமாக நினைத்து எழுதிய சட்டமென்றால், குற்றம் பெரிதாகும்போது பாடம் ஏன் கடுமையாக வேண்டும்?

வ.உ.சிதம்பரம்பிள்ளையை இங்கே நினைக்காமல் போக என்னால் முடியாது. தூத்துக்குடிக்கும் இதே கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டியவர். 1908இல் தண்டிக்கப்பட்ட அந்த வழக்கறிஞரை, மாடு இழுக்கும் செக்கில் பூட்டி இழுக்க வைத்தது கோயம்புத்தூர்ச் சிறை. அவர் அரசியல் கைதி, விதிவிலக்கு என்று நண்பர் சொல்லக்கூடும். ஐயா, அவருடைய பெயர் நமக்குத் தெரியும், அவ்வளவுதான். பெயர் தெரியாமல் செக்கிழுத்தவர்களின் தோளும் தோள்தான்.

மகோனகியைப் பற்றி நண்பர் உருக்கமாகப் பேசினார். உண்மை, நான் மறுக்கவில்லை. 1840இல், ஆங்கிலேயர் கைதிகளை அடைத்து வைத்த நோர்போக் தீவுக்குப் பொறுப்பதிகாரியாகப் போய், உழைப்புக்கும் நன்னடத்தைக்கும் புள்ளி கொடுத்து, புள்ளி சேர்த்தவருக்கு விடுதலையை நெருக்கிக் கொடுக்க முயன்ற மனிதர். படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் 1844இல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். திருத்த முயன்றவருக்குக் கிடைத்தது நான்கே ஆண்டுகள். சக்கரத்துக்குக் கிடைத்ததோ ஏறத்தாழ எண்பது.

வெலிக்கடைச் சிறைச் சுவரில் 'சிறைக்கைதிகளும் மனிதர்களே' என்று எழுதியிருப்பதை பொரளைப் பக்கம் பஸ்ஸில் போகிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த வாசகத்தை நான் மதிக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருந்தார். சிறையில் தச்சு வேலை கற்றவர். மூட்டுக்கு மூட்டு அவ்வளவு சுத்தமான கை. வெளியே வந்து வேலை கேட்ட இடமெல்லாம் பொலிஸ் சான்றிதழைக் கேட்டார்கள். கடைசியில் மீன் சந்தையில் பெட்டி தூக்கினார். உள்ளே இருந்த காலத்தில் அவர் எத்தனை கதிரை, எத்தனை மேசை செய்திருப்பார்! அவற்றில் ஒன்றின் விலைகூட அவருடைய பிள்ளைகளிடம் வந்து சேரவில்லை.

2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள், கைதியின் வேலை துன்புறுத்துவதாக இருக்கக்கூடாது, நியாயமான ஊதியம் வேண்டும், அதில் ஒரு பகுதியை அவர் குடும்பத்துக்கு அனுப்ப வழி வேண்டும் என்கின்றன. நடைமுறை அப்படித்தான் இருந்திருந்தால் இப்படி விதி எழுத வேண்டி வந்திருக்குமா?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மையாரிடம் ஒரே கேள்வி. அந்தத் தச்சர் செய்த கதிரையின் கூலி யாரிடம் போனது? அதைச் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.