மணல் மேல் ஒரு கவுண்டி: நெப்ராஸ்காவின் செர்ரி

[வரைபடம்: நெப்ராஸ்காவின் வடக்கு எல்லை]

வணக்கம். கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரிய கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஒன்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கிறது. பெயர் செர்ரி. பரப்பு ஏறத்தாழ 15,500 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் 5,455 பேர்தான். அதிலும் ஏறக்குறைய பாதிப்பேர் வாலன்டைன் என்ற ஒரே ஊரில். கவுண்டிக்குள்ளேயே நேரமும் மாறும்: மேற்குப் பக்கம் காலை எட்டு மணி என்றால் வாலன்டைனில் ஒன்பது.

இவ்வளவு இடத்தில் ஏன் ஆளே இல்லை? காலுக்குக் கீழே பாருங்கள்.

[காட்சி: புல் மூடிய மேடுகள்]

பச்சையாகத் தெரியும் இந்த மேடுகள் அத்தனையும் மணற்குன்றுகள். சாண்ட்ஹில்ஸ் என்பார்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர்தான். ஓரிடத்தில் புல் பெயர்ந்தால் போதும், காற்று மணலை வாரிக்கொண்டு போய்ப் பெரும் பள்ளம் பறித்துவிடும். இதற்கு புளோஅவுட் என்று பெயர். மாடுகள் ஒரே தடத்தில் நடந்தாலே வந்துவிடும். பழைய டயர்களைப் போட்டு அதை அடைக்கும் ராஞ்ச்காரர்களும், அதாவது மாட்டுப் பண்ணைக்காரர்களும், உண்டு. இந்த மண்ணில் ஏர் ஓட்டினால் என்னாகும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மழை மணலில் இறங்கி ஒகல்லாலா நிலத்தடி நீரில் சேர்கிறது. காற்றாலை அதை இறைத்து வட்டத் தொட்டியில் மாடுகளுக்கு நிரப்புகிறது. கோடையில் அதே மாதிரித் தொட்டியை ஆற்றில் மிதக்கவிட்டு, குடும்பமாக ஏறி உட்கார்ந்து போகிறார்கள். டேங்கிங் என்பது இதுதான்!

[காட்சி: பழைய மண்கட்டி வீடு]

சரி, குடியேற யாரும் முயலவில்லையா? 1904இல் கின்கெய்டு சட்டம் குடும்பத்துக்கு 640 ஏக்கர் தந்தது. வேறு இடத்தில் அது பெரிய சொத்து; இங்கே மாடு மேய்த்துப் பிழைக்க அது காணாது. டிவிட்டி என்ற ஊரில் 1907 முதல் கறுப்பினக் குடும்பங்கள் நார்த் லூப் ஆற்றோரம் குடியேறின. 1930களில் ஊரே கலைந்துவிட்டது. விற்றுப் போனவர்களின் நிலம் பெரிய ராஞ்ச்களோடு சேர்ந்தது.

வடக்கு எல்லைக்கு அப்பால், தெற்கு டகோட்டாவில், லகோட்டா பழங்குடி மக்களுக்கென ஒதுக்கிய ரோஸ்பட் ரிசர்வேஷன். அவர்களைக் கண்காணிக்க 1880இல் வாலன்டைன் அருகே நயோப்ராரா ராணுவக் கோட்டை எழுந்தது. இன்று அது வனவிலங்குப் புகலிடம், காட்டெருமைகள் மேய்கின்றன.

அப்புறம் கோடி என்ற சிற்றூர். இருநூறு பேர்கூட இல்லை. மளிகைக்கடை இல்லாமல் தவித்த ஊரில், 2013இல் வைக்கோல் கட்டுகளால் கட்டிய கடை ஒன்று திறந்தது. நடத்துவது யார்? உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள்.