தங்கலானைத் தாண்டி ஜமாவா? குடியாத்தம் தம்பியின் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன். “அண்ணா, 2024 படங்களைப் பற்றிய உங்கள் வீடியோவில் ஜமாவை முதல் இடத்தில் வைத்தீர்கள். தங்கலான் ஐந்தாவது, அமரன் எட்டாவது. ஊரே கொண்டாடிய படத்தை விட்டுவிட்டு யாரும் பார்க்காத படத்தைத் தூக்கி வைக்கிறீர்களே, வித்தியாசமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவா? அதுவும் நம் ஜில்லாக்காரன் கதையைச் சொன்ன தங்கலானையே கீழே இறக்கிவிட்டீர்களே?”

கோபமாகத்தான் கேட்டிருக்கிறார். பரவாயில்லை, கேட்க வேண்டிய கேள்விதான்.

நான் விமர்சகன் எல்லாம் இல்லை. காட்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் படத்துக்குப் போகிறவன். டிக்கெட் என் காசு, அபிப்பிராயமும் என்னுடையது. அந்த வருடம் தியேட்டரில் மட்டும் நாற்பது படமாவது பார்த்திருப்பேன். வீட்டில் கேட்டால் இருபது என்று சொல்வேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

இப்போது நம் ஜில்லா விஷயம். தமிழ் சினிமாவில் வேலூர் என்றால் என்ன? ஜெயில். “வேலூர் ஜெயில்ல இருந்து நாளைக்கு ரிலீஸ் ஆகிறான்” என்று ஒருத்தன் போனில் சொல்வான், வில்லன் முகம் மாறும், அவ்வளவுதான் நமக்கு வேலை. அரிவாள் என்றால் மதுரை, திருநெல்வேலி. பாசம் என்றால் தஞ்சாவூர். பணக்காரக் கவுண்டர் வீடு என்றால் பொள்ளாச்சி. பாலாற்றங்கரையில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதே சினிமாவுக்குத் தெரியாது. அப்படி இருக்கும்போது 2024இல் ஒரே வருடத்தில் மூன்று படம் நம் பக்கத்துக் கதையோடு வந்தது. ஜனவரி 25இல் ப்ளூ ஸ்டார், அரக்கோணம். ஆகஸ்ட் 2இல் ஜமா, திருவண்ணாமலைப் பக்கம். ஆகஸ்ட் 15இல் தங்கலான், வட ஆற்காட்டு வேப்பூர்.

திருவண்ணாமலை எப்படி நம் ஜில்லா என்று சின்னப் பசங்கள் கேட்பார்கள். 1989இல் பிரிப்பதற்கு முன்னால் எல்லாம் ஒரே வட ஆற்காடுதான். அப்புறம் 2019இல் வேலூரையே மூன்றாகப் போட்டார்கள், அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. என் பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் ஒரு ஊர்ப் பெயர், அதற்குக் கீழே வட ஆற்காடு மாவட்டம். அந்தக் கணக்கில்தான் பேசுகிறேன்.

தங்கலானுக்கு வருவோம். தம்பி, அந்தப் படத்துக்கு உங்களைவிட நான் அதிகமாக ஆசைப்பட்டுப் போனவன். சும்மா சொல்லவில்லை. நம் பக்கத்து ஏழை ஜனங்கள் கோலார் பக்கம் தங்கம் தேடிப் போகிற கதை அது. என் அம்மாவின் தாய்மாமா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் இந்தக் கதை இருக்கும். சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும் பகுதி வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர் பக்கத்திலிருந்தும் போன தமிழ் பேசும் ஏழை ஜனங்கள். ஜோலார்பேட்டை வழியாகப் போய் பங்காரப்பேட்டையில் வண்டி மாறி மாரிகுப்பத்தில் இறங்கினால் இன்றைக்கும் தெருவில் தமிழ்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். உள்ளே பாறை வெடித்துச் சிதறுவதை அங்கே ஏர்பிளாஸ்ட் என்பார்கள். தாத்தா அந்த வார்த்தையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். இப்போது போனால் சயனைடு மண் மேடு மட்டும் குன்று மாதிரி நிற்கிறது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். முதல் பாதி, அடடா. ஜமீன்தார் நிலத்தைப் பிடுங்கும் இடம், கதிர் எரிந்து நிற்கும் இடம், விக்ரம் முகத்தில் இருக்கும் அந்த மண். அப்புறம் ரவிக்கைக் காட்சி. தங்கலான் ஊருக்குத் திரும்பும்போது பெண்களுக்கு ரவிக்கை கொண்டுவருவான். பார்வதியும் மற்ற பெண்களும் அதைப் போட்டுப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்துக் கூத்தடிப்பார்கள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா அழுதுவிட்டார். அந்த ஒரு காட்சிக்காகவே இயக்குநர் ரஞ்சித்துக்குக் கும்பிடு போடலாம். துணி எப்பேர்ப்பட்ட உரிமை என்று அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

ஆனால் தங்கம் தேட ஆரம்பித்த பிறகு படம் எங்கெங்கோ போய்விடுகிறது. கனவு, கனவுக்குள் பழைய ஜென்மம், அதற்குள் ஆரத்தி என்ற மாயக்காரி, திரும்பவும் முழிப்பு. ஒரு தடவை வந்தால் மிரட்டல், நாலாவது தடவை வரும்போது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கதை 1850 வாக்கில் நடக்கிறது. பெரிய அளவில் சுரங்க வேலை தொடங்கியது 1880க்குப் பிறகுதான், அதனால் மாயம் மந்திரம் வைத்துக்கொள்ள அவருக்குச் சுதந்திரம் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. என் குறை வேறு. தாத்தா சொன்ன மனுஷன் எனக்கு அந்த இரண்டாம் பாதியில் கிடைக்கவில்லை. பாறையைக் கொத்திவிட்டு, கை நடுங்கக் கஞ்சி குடித்து, ஊருக்கு இரண்டு ரூபாய் அனுப்பிய ஆள் அவன். அவனைத் தேடித்தான் நான் டிக்கெட் எடுத்தேன். வசனம் வேறு பல இடத்தில் எனக்கே பிடிபடவில்லை, இந்த ஊர்க்காரன் எனக்கே! அதனால் ஐந்தாவது. ஐந்தாவது என்பது கீழே தள்ளுவது இல்லை தம்பி, நாற்பதில் ஐந்து.

ப்ளூ ஸ்டார் மூன்றாவது. ஏன் என்று கேட்காதவர்கள் அரக்கோணம் ஜங்ஷனில் ஒரு சாயங்காலமாவது நின்றிருப்பார்கள். ரயில் சத்தம் இல்லாமல் அங்கே பேச்சு கிடையாது, காதல் கிடையாது, சண்டை கிடையாது. படம் அதைப் பிடித்துவிட்டது. காலனி டீமும் ஊர் டீமும் ஒரு ஊரில் இருந்துகொண்டே ஒன்றோடு ஒன்று ஆடாமல் இருப்பது, ஆடினால் அது ஆட்டமாக மட்டும் இல்லாமல் போவது, இதெல்லாம் பாலாற்று மணலில் ஸ்டம்ப் நட்டு ஆடிய எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறு எங்களுக்கு ஆறாக இருந்ததைவிட கிரவுண்டாக இருந்த நாள்தான் அதிகம். அந்தப் பக்கத்துத் தெருப் பையன்கள் ஒரு ஓரத்தில் ஆடுவார்கள், நாங்கள் இன்னொரு ஓரத்தில். நடுவில் பந்து போனால் எடுத்துக் கொடுப்பார்கள், ஆனால் உருட்டித்தான் விடுவார்கள், கையில் தர மாட்டார்கள். அது ஏன் என்று எனக்குப் புரியவே பத்து வருடம் ஆனது. வசனத்தில் “வந்துகினு போயிகினு” என்று நம் பேச்சு வந்தபோது தியேட்டரில் பையன்கள் விசில் அடித்தார்கள். வழக்கமாக அந்தப் பேச்சை சினிமாவில் காமெடியனுக்கும் ரவுடிக்கும்தான் கொடுப்பார்கள்.

அப்படியானால் லப்பர் பந்தை ஏன் இரண்டாவதாக வைத்தேன் என்றும் இன்னொருவர் கேட்டிருந்தார். அது நம் ஜில்லாப் படம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சினிமாவாக அது இன்னும் சுத்தம். அதே கிரிக்கெட், அதே சாதி. மாமனாருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் நடுவில் ஒரு ரோஷத்தை வைத்து மொத்தத்தையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார் இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து. அந்த மாமனார், படத்தில் அவர் பெயர் கெத்து, ஆட இறங்கி வரும்போதெல்லாம் விஜயகாந்த் பாட்டு போடுவார்களே, அங்கே உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுக்காரர்கள் எல்லோரும் பதினெட்டு வயசாகிவிட்டார்கள், என்னையும் சேர்த்து. சுவாசிகா டிராக்டரில் வரும் காட்சியை என் மனைவி இன்னும் பேசுகிறாள். ஊர்ப் பாசத்துக்காக அதைக் கீழே இறக்க எனக்கு மனசு வரவில்லை.

அமரன். இதற்குத்தான் நிறையத் திட்டு வந்தது. நல்ல படம்தான். தீபாவளி அன்றைக்கே பார்த்தேன். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர், ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுவார்கள், தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிற ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற சுபேதார், என் கடைக்கு வருகிறவர், அவரோடுதான் போனேன். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் சோபியானில் இறந்த அந்தக் கடைசிப் பகுதி முழுக்க அவர் அசையவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது, “பொண்டாட்டி போனை எடுக்கிற இடத்தைச் சரியா எடுத்திருக்கான்பா” என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் படம் மனைவியாக நடித்த சாய் பல்லவியின் படம்தான். போர்க்களக் காட்சிகளில் எதிர்ப்பக்கம் இருக்கும் மனிதர்கள் வெறும் குறி மாதிரி இருப்பது எனக்கு உறுத்தியது. அதனால் எட்டு.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மகாராஜா நான்காவது, அந்தக் குப்பைத்தொட்டியை வைத்து அவ்வளவு கோபத்தைக் கட்டியதற்காக. மெய்யழகனில் ரிலீசுக்கு அப்புறம் 18 நிமிடம் வெட்டினார்கள். நான் வெட்டுவதற்கு முன்னால் பார்த்தவன், எனக்கு அந்த நீளம்தான் பிடித்தது. சொந்தக்காரர் வீட்டில் ராத்திரி பேசிக்கொண்டிருப்பது அப்படித்தான் இழுக்கும். கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது. பக்கத்தில் ஒருவர் சவுண்டு போய்விட்டது என்று ஆபரேட்டரைக் கூப்பிட எழுந்தே போய்விட்டார். கங்குவாவில் அதற்கு நேர் எதிர், காது வலித்தது. கடைசியில் தயாரிப்பாளரே சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். இந்தியன் 2 பற்றிப் பேச வேண்டாம், முதல் பாகத்தின் மேல் வைத்திருந்த மரியாதை எனக்கு முக்கியம்.

இப்போது ஜமா. ராயன் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, எல்லா ஷோவும் அதற்கே. நான் போன தியேட்டரில் ஜமாவுக்கு ஒரே ஒரு காட்சி, பதினோரு பேர். ஏசியும் போடவில்லை. ஆகஸ்டில், வேலூரில்! தம்பி சொன்ன மாதிரி யாரும் பார்க்காத படம்தான். ஆனால் பார்க்காததற்குப் படமா பொறுப்பு?

கதை சின்னது. கல்யாணம் என்று ஒருவன், தெருக்கூத்தில் திரௌபதி, குந்தி என்று பெண் வேடமே கட்டுகிறவன். கட்டிக் கட்டி நடையும் கையும் அப்படியே ஆகிவிட்டது, அதனால் பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். அவனுக்கு அர்ச்சுனன் வேடம் கட்ட வேண்டும், அப்பா ஆரம்பித்த ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, வாத்தியாராக நின்று நடத்த வேண்டும். ஜமாவைக் கையில் வைத்திருக்கும் சேத்தன் விட மாட்டேன் என்கிறார். இயக்கி நடித்தவர் பாரி இளவழகன், இசை இளையராஜா.

நம் பக்கம் பாரதக் கூத்து என்பது பொழுதுபோக்கு இல்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிறது என்றால் பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசி நாள் படுகளம். மண்ணில் படுத்திருக்கும் துரியோதனனைப் பார்த்து உண்மையிலேயே அழுகிற கிழவிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் சொல்லும் ஜோக்கு போன வருடமும் அதேதான், ஆனாலும் சிரிப்போம். அந்த ஆட்கள் விடிந்ததும் அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, லுங்கியைக் கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸுக்கு நிற்பார்கள். ராத்திரி கர்ணனாக இருந்தவர் டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லாமல் கண்டக்டரிடம் திட்டு வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த மனிதனை ஜமா எனக்குக் காட்டியது. ஏழை, பாவம் என்று காட்டவில்லை. பொறாமை உள்ளவன், வேடத்துக்காக எதையும் செய்கிறவன், காதலைக்கூடக் கோட்டை விடுகிறவன் என்று காட்டியது. தங்கலானில் நான் தேடிக் கிடைக்காதது இங்கே பதினோரு பேர் இருந்த தியேட்டரில் கிடைத்தது. இதுதான் தம்பி காரணம்.

2025 ஜனவரியில் செய்யாறு பக்கத்துப் புரிசையைச் சேர்ந்த தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது, படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேர் விசாரித்தார்கள். அப்போது நான் ஒரு வேலை செய்தேன். கடைக்குக் கூத்து நோட்டீஸ் அடிக்க வரும் ஒரு வாத்தியார், எழுபது வயசு, அவரை உட்கார வைத்து மொத்தப் படத்தையும் போட்டுக் காட்டினேன். கண்ணிமைக்காமல் பார்த்தார். சில இடத்தில் விரலால் முட்டியில் தாளம் போட்டார். முடிந்ததும் என்ன சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “எல்லாம் சரிப்பா. ராத்திரி பூரா ஆடுறத இந்தப் பையன் ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டானே, காசு குடுத்தவன் சும்மா உட்டானா?”